செய்தி திறக்கவில்லையா, போகவில்லையா? சொந்த மேட்ரிக்ஸ் சர்வரில் அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு சிறிய கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆசிரியர்கள், தகவல் உரிமை மனு எழுதித் தருபவர்கள், இரண்டு வழக்குரைஞர்கள் என்று நாற்பது பேர் கொண்ட எங்கள் வட்டம் தனக்குள் பேசிக்கொள்ளும் மேட்ரிக்ஸ் சர்வர் அதுதான். அதில் ஓடும் மென்பொருள் சினாப்ஸ், நாங்கள் கைபேசியில் வைத்திருக்கும் செயலி எலிமென்ட். மேட்ரிக்ஸ் என்பது, யாரும் சொந்தச் சர்வர் வைத்து, பிற சர்வர்களில் இருப்பவர்களோடும் பூட்டிய செய்திகளில் பேச வழி தரும் பொது முறை. எங்கள் பேச்சு எந்த நிறுவனத்தின் கிடங்கிலும் சேர்வதில்லை. அதேபோல, பழுது வந்தால் புகார் சொல்ல எங்களைத் தவிர வேறு ஆளும் இல்லை. திரும்பத் திரும்ப வந்த பழுதுகளை, அவை கண்ணில் படும் விதத்தைக் கொண்டே பிரித்து, காசில்லாமல் தீர்வதில் தொடங்கிச் செலவு வைப்பது வரை இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பழுதானாலும் முதலில் செய்யக் கூடாதவை

பழுதால் நாங்கள் இழந்ததைவிட, பழுது நீக்குகிறேன் என்று அவசரப்பட்டு இழந்ததே அதிகம். செயலியிலிருந்து வெளியேறி மீண்டும் உள்நுழையாதீர்கள்; செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவாதீர்கள்; உலாவியின் சேமிப்பைத் துடைக்காதீர்கள். வேறு செயலிகளில் தீங்கில்லாத இந்தக் கைவைத்தியங்கள், செய்திகளைத் திறக்கும் சாவிகள் சாதனத்துக்குள்ளேயே இருக்கும் மேட்ரிக்ஸில், அந்தச் சாவிகளையும் சேர்த்து அழித்துவிடும்.

சர்வரை நடத்துபவர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஒருவர் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று கேட்டதும் நிர்வாகி உரிமையால் அதை மாற்றிக் கொடுத்தால், தடுத்துச் சொல்லாதவரை சினாப்ஸ் அவருடைய எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றிவிடும். அவரிடம் சாவிக் காப்பு (சர்வரில் பூட்டி வைத்த சாவிகளின் நகல்) இருக்கிறதா என்று கேட்டறிந்த பிறகு, சாதனங்களை வெளியேற்ற வேண்டாம் என்ற தெரிவையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அறிகுறி 1: செய்தி வந்திருக்கிறது, ஆனால் திறக்கவில்லை

எங்கள் வட்டத்தில் அதிகம் பார்த்த பழுது இதுதான். மன வேதனையை அதிகம் தந்ததும் இதுதான். யாருடைய செய்தி, எந்தச் சாதனத்தில், எந்த நாளிலிருந்து திறக்கவில்லை என்ற மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒருவர் அனுப்புவது மட்டும் திறக்கவில்லை என்றால்

பெரும்பாலும் அனுப்புபவரின் அமைப்பில்தான் காரணம் இருக்கும். சரிபார்க்கப்படாத சாதனங்களுக்குச் சாவி தர வேண்டாம் என்ற தெரிவை அவர் இயக்கியிருக்கலாம். உங்கள் கைபேசி இன்னும் சரிபார்க்கப்படாமல் இருக்கலாம். அவருடைய தெரிவைத் தளர்த்தச் சொல்லாதீர்கள், அது நல்ல பழக்கம். உங்கள் சாதனத்தைச் சரிபாருங்கள். உங்களுடைய பழைய சாதனம் ஒன்றிலிருந்து புதியதைச் சரிபார்க்கும்போது இரண்டு திரைகளிலும் 7 படங்கள் தோன்றும். இரண்டிலும் ஒரே படங்கள் ஒரே வரிசையில் இருந்தால் ஏற்கலாம். அவரும் நீங்களும் ஒருவரையொருவர் சரிபார்ப்பதானால், தொலைபேசியில் அழைத்து அவற்றை உரக்கப் படித்து ஒப்பிடுங்கள். சரிபார்த்த பிறகு வரும் செய்திகள் திறக்கும். முன்பு பூட்டியே வந்தவை திறக்கவில்லையென்றால் அவரை மறுபடி அனுப்பச் சொல்வதே வழி.

புதிய கைபேசியில் பழையது எதுவுமே திறக்கவில்லை என்றால்

பழைய சாதனம் ஏதேனும் ஒன்று இன்னும் உள்நுழைந்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு மடிக்கணினியின் உலாவியில் மறந்துபோய்த் திறந்தே கிடந்த எலிமென்ட் எங்களில் மூன்று பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அது இருந்தால் அதிலிருந்து புதியதைச் சரிபார்த்தாலே சாவிகள் வந்து சேரும்.

பழைய சாதனம் இல்லையென்றால் சாவிக் காப்பைத் திறக்கும் மீட்புச் சாவி வேண்டும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், நான் சொன்னபடி, அதைச் சமையல் எரிவாயுப் புத்தகத்தின் உள்ளட்டையில் நீல மையில் எழுதி வைத்திருந்தார்: நான்கு நான்கு எழுத்துகளாக 12 கட்டுகள், மொத்தம் 48. கைபேசி மாற்றிய அன்று மூன்று முறை உள்ளிட்டும் செயலி அதை ஏற்கவில்லை. அட்டையைப் படமெடுத்து அனுப்புகிறேன் என்றார். சாவியைப் படமாக அனுப்பவே கூடாது என்று சொல்லிவிட்டு நேரில் போனேன். ஏழாவது கட்டில் அவர் பூஜ்ஜியம் என்று படித்தது சிறிய 'ஓ'. இந்தச் சாவியில் பூஜ்ஜியம், பெரிய 'ஓ', பெரிய 'ஐ', சிறிய 'எல்' ஆகிய நான்கும் வரவே வராது. வட்டமாகத் தெரிவது சிறிய 'ஓ' என்றும், நேர்கோடாகத் தெரிவது எண் ஒன்று என்றும் கொள்ள வேண்டும். அதைத் திருத்தியதும், நான்கு ஆண்டுகளாக அவர் பழைய மாணவர்களோடு பேசியதெல்லாம் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்ததை அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு சோதனையும் உண்டு: இந்தச் சாவி எப்போதும் பெரிய 'இ', சிறிய 'எஸ்' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். உங்கள் குறிப்பு அப்படித் தொடங்கவில்லையென்றால் நீங்கள் கையில் வைத்திருப்பது கடவுச்சொல்லாகவோ வேறு ஏதோ ஒன்றாகவோ இருக்கும்.

மீட்புச் சாவியும் இல்லை, பழைய கைபேசியின் திரை உடைந்துகிடக்கிறது என்றால், காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுவே. அந்தக் கைபேசிக்குள் சாவிகள் இன்னும் இருக்கின்றன; கடையில் திரையை மாற்றி ஒருமுறை உயிர்ப்பித்தால் போதும். பூட்டு எண்ணைக் கடைக்காரரிடம் சொல்லாமல், முடிந்தால் அருகில் நின்றே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் அந்தச் செய்திகள் உங்களுக்கு இல்லை. சர்வரை நடத்தும் என்னாலும் அவற்றைத் திறக்க முடியாது. பணம் வாங்கிக்கொண்டு திறந்து தருவதாகச் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள். 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸின் பெரிய பொதுச் சர்வரில் ஊடுருவல் நடந்து, எல்லாப் பயனர்களையும் கட்டாயமாக வெளியேற்ற வேண்டி வந்தபோது, சாவிக் காப்பு வைத்திராதவர்கள் பூட்டிய உரையாடல்களைத் திறக்க வழியில்லாமல் நின்றார்கள். 'அடையாளத்தை மீட்டமை' என்ற பொத்தானை இறுதி முடிவாக மட்டுமே தொடுங்கள். அதன் பிறகு பழைய காப்பு பயன்படாது.

அறையில் (குழு உரையாடலில்) எல்லோருக்கும் திறக்கவில்லை என்றால்

செயலிகளின் பதிப்பு மிகப் பழையதா என்று பார்த்துப் புதுப்பியுங்கள். பிறகு சினாப்ஸைப் புதுப்பியுங்கள். அதன் பின்னும் நீடித்தால் செயலியை உருவாக்கியவர்களுக்குப் பிழை அறிக்கை அனுப்பலாம். ஆனால், அந்த அறிக்கையோடு போகும் பதிவேட்டில் (லாக்) செய்தி இல்லாவிட்டாலும் பயனர் பெயர்களும் அறை எண்களும் இருக்கும் என்பதை வட்டத்தாரிடம் சொல்லி ஒப்புதல் பெற்ற பிறகே அனுப்ப வேண்டும்.

செய்தி பூட்டியிருந்தாலும் அறையின் பெயர் தெரிகிறதே என்று சிலர் கேட்டதுண்டு. அது பழுதில்லை. அறையின் பெயர், அதன் தலைப்பு, யார் யார் உறுப்பினர், எந்தச் செய்திக்கு என்ன படக்குறி இட்டார்கள் என்பவை பொதுவாகக் குறியாக்கம் செய்யப்படுவதில்லை. உறுப்பினர்கள் இருக்கும் ஒவ்வொரு சர்வரிலும் அவை பதிவாகின்றன. வழக்கின் பெயரையோ மனுதாரரின் பெயரையோ அறைக்கு வைக்காதீர்கள்.

அறிகுறி 2: எங்களுக்குள் பேச முடிகிறது, வெளிச் சர்வரில் இருப்பவர்களோடு முடியவில்லை

கடிகாரம்

மின்வெட்டுக்குப் பிறகு தொடங்கிய பழுதா என்று முதலில் கேளுங்கள். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகள் பலவற்றில் மின்சாரம் இல்லாதபோது நேரத்தைக் காக்கும் பேட்டரி இருப்பதில்லை. இணையம் வந்து நேரம் திருந்தும் வரை அவை நேற்றைய நாளிலேயே நிற்கும். நேரம் பெரிதாகத் தவறினால், சர்வர் உண்மையானதுதானா என்று காட்டும் சான்றிதழின் சோதனைகள் தோற்றுவிடும். நேரத்தைத் திருத்திச் சினாப்ஸை மறுதொடக்கம் செய்யுங்கள்.

சான்றிதழ்

உள்ளூர்ச் செயலிகளும் சேர்ந்து எச்சரிக்கை காட்டினால் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு வழங்குவது வழக்கமாக 90 நாள் சான்றிதழ். காலாவதியாகப் போகிறது என்று நினைவூட்டும் மின்னஞ்சல்களை அந்த அமைப்பு 2025 ஜூன் முதல் நிறுத்திவிட்டது. தானியங்கிப் புதுப்பிப்பு தோற்றிருந்தால் 80 ஆம் எண் வாசல் (போர்ட்) வெளியிலிருந்து திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ரௌட்டரை மாற்றிய வீடுகளில் அதை மறுபடி திறக்க மறந்திருப்பார்கள்.

முகவரிக் கோப்பும் வாசலும்

பிற சர்வர்கள் உங்களுடையதை 8448 ஆம் வாசலில் தேடும். வேறு வாசல் என்றால் உங்கள் தளத்தில் இருக்கும் 'வெல்-நோன்' கோப்பு அதைச் சொல்ல வேண்டும். பிற சர்வர்களோடான இணைப்பைச் சோதிக்கும் மேட்ரிக்ஸின் ஃபெடரேஷன் டெஸ்டர் தளத்தில் உங்கள் தளப் பெயரை இட்டால் எந்த இடத்தில் தடைபடுகிறது என்று அரை நிமிடத்தில் காட்டிவிடும். தளத்தின் முகப்பைப் புதுப்பித்தவர் அந்தக் கோப்பையும் சேர்த்து அழித்துவிடுவது நான் இருமுறை கண்ட பழுது.

டெஸ்டர் பச்சை காட்டுகிறது, ஆனாலும் சில கோரிக்கைகள் கையொப்பப் பிழையால் தோற்கின்றன

வெளியிலிருந்து வருவதை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ் மென்பொருளின் அமைப்பில், கோரிக்கையைச் சினாப்ஸுக்கு அனுப்பும் வரியின் முடிவில் வாசல் எண்ணுக்குப் பிறகு ஒரு சாய்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒற்றைக் கோட்டால் என்ஜின்எக்ஸ் முகவரியைத் தன் போக்கில் திருத்தி எழுதிவிடும். எழுதியது மாறியதால் அனுப்பிய சர்வர் இட்ட கையொப்பம் பொருந்தாது. இரண்டு வாரம் தேடி நான் கண்டறிந்த கோடு அது.

வெளியிலிருந்து எதுவுமே வந்து சேரவில்லை

ரௌட்டரின் பக்கத்தில் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்கள் பிராட்பேண்ட் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது என்று பொருள். வாசலைத் திறந்து பயனில்லை. நிறுவனத்திடம் மாதக் கட்டணத்தில் நிலையான முகவரி கேட்பது எளிய தீர்வு. கிடைக்காத ஊர்களில் ஒரு சிறு வாடகைச் சர்வரை எடுத்து, அதற்கும் வீட்டுக் கணினிக்கும் இடையே வயர்கார்டு சுரங்கம் (பூட்டிய தனி இணைப்பு) அமைக்கலாம். சான்றிதழும் தரவுத்தளமும் வீட்டிலேயே இருக்கட்டும், வாடகை இடம் வெறும் வாயிற்படியாக மட்டும் இருக்கட்டும்.

பழுது நீங்கிய பின்பும் சில சர்வர்களிலிருந்து செய்தி வரவில்லையென்றால் பதறாதீர்கள். நீங்கள் நின்றுபோயிருந்தபோது முயன்று தோற்ற சர்வர்கள் மறுமுயற்சிக்கு இடையிலான நேரத்தை நீட்டிக்கொண்டே போயிருக்கும். அந்தச் சர்வரில் இருப்பவருக்கு நீங்கள் ஒரு சொல் அனுப்பினாலே அது விழித்துக்கொள்ளும்.

தேர்ந்த லினக்ஸ் நிர்வாகியை அழைக்க வேண்டிய இடம்

தரவுத்தளப் பிழை என்று பதிவேடு சொன்னாலோ, மெமரி கார்டு படிக்க மறுத்தாலோ, அங்கேயே நிறுத்துங்கள். மறுதொடக்கம் செய்து பார்ப்பதை விட்டுவிட்டு, வட்டின் முழு நகல் ஒன்றை எடுத்துவைத்து ஆளை அழையுங்கள். காப்பு இல்லாமல் வெற்றுத் தரவுத்தளத்தோடு அதே தளப் பெயரில் சினாப்ஸைப் புதிதாக நிறுவினால், நீங்கள் முன்பு சேர்ந்திருந்த அறைகளில் மற்றச் சர்வர்களுக்கும் உங்களுக்கும் கணக்கு ஒத்துவராது. தரவுத்தளம், கையொப்பச் சாவிக் கோப்பு, அமைப்புக் கோப்பு, படங்களின் கோப்புறை ஆகிய நான்கும் வேறொரு வீட்டில் பூட்டிய நகலாக இருக்க வேண்டும்.

அறிகுறி 3: செயலியைத் திறந்தால்தான் செய்தி வருகிறது

பத்துக்கு எட்டு முறை கைபேசியின் பேட்டரி சேமிப்புதான் காரணம். அமைப்புகளில் எலிமென்டுக்குக் கட்டுப்பாடில்லாத பேட்டரி அனுமதியும், இருந்தால் தானாகத் தொடங்கும் அனுமதியும் கொடுங்கள். எஃப்-டிராய்டு என்ற திறமூலச் செயலிக் கடையிலிருந்து நிறுவிய எலிமென்ட் கூகுளின் அறிவிப்பு வழியைப் பயன்படுத்துவதில்லை என்பதால், அதற்கு என்டிஎஃப்ஒய் போன்ற, கூகுள் இல்லாமல் அறிவிப்பைக் கொண்டுவரும் யூனிஃபைடுபுஷ் செயலி ஒன்றையும் சேர்த்து நிறுவ வேண்டும். சிறிது பேட்டரி கூடுதலாகச் செலவாகும். யாருக்கு எப்போது செய்தி வருகிறது என்பது கூகுளுக்குத் தெரியாமல் இருப்பதற்கு அந்தச் செலவு தகும் என்பது என் எண்ணம்.

அறிகுறி 4: அழைப்பு மணி அடிக்கிறது, குரல் கேட்கவில்லை

இருவரும் ஒரே வைஃபையில் இருந்து பேசிப் பாருங்கள். அப்போது கேட்டு, ஒருவர் மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் கேட்கவில்லையென்றால், குரலை இடையில் நின்று கடத்தித் தரும் டர்ன் சர்வர் இல்லை அல்லது வேலை செய்யவில்லை. கோடர்ன் (டர்ன் சர்வர் மென்பொருள்) ஓடுகிறதா, அதிலும் சினாப்ஸிலும் எழுதிய ரகசியச் சொல் ஒன்றேதானா, 3478 ஆம் வாசலும் அது பயன்படுத்தும் யுடிபி வாசல் வரம்பும் ரௌட்டரில் திறந்திருக்கின்றனவா என்று அதே வரிசையில் பாருங்கள். எலிமென்ட் எக்ஸ் போன்ற புதிய செயலிகளின் அழைப்பு முறை வேறு; அதற்கு லைவ்கிட் என்ற தனிச் சேவை வேண்டும். ஒருவர் பழைய செயலியிலும் மற்றவர் புதிய செயலியிலும் இருந்தால் எந்த வாசலைத் திறந்தும் பயனில்லை, இருவரும் ஒரே வகைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

அறிகுறி 5: சர்வர் நாளுக்கு நாள் மெதுவாகிறது, வட்டு நிறைகிறது

படம் மட்டும் போகவில்லையென்றால் வட்டைச் சந்தேகிக்காதீர்கள்: என்ஜின்எக்ஸ் தன் இயல்பில் 1 எம்பிக்கு மேல் ஏற்காது, சினாப்ஸ் 50 எம்பி வரை ஏற்கும். முன்னதை உயர்த்தினால் போதும்.

எல்லாமே மெதுவென்றால், யாராவது பல்லாயிரம் பேர் இருக்கும் பொது அறை ஒன்றில் அண்மையில் சேர்ந்தார்களா என்று விசாரியுங்கள். அந்த ஒரு அறையே சிறு கணினியை மூச்சுத் திணற வைத்துவிடும். அடுத்து, யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். சுமையும் குறையும், உறுப்பினர்கள் எப்போது விழித்திருக்கிறார்கள் என்பதும் வெளியே போகாது. பிற சர்வர்களிலிருந்து வந்து தங்கிய படங்களைக் குறிப்பிட்ட நாளுக்குப் பின் நீக்கும் அமைப்பை இயக்குங்கள். சினாப்ஸ் இன்னும் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் ஓடுகிறதென்றால் போஸ்ட்கிரஸ் என்ற பெரிய தரவுத்தளத்துக்கு மாற வேண்டும். அதற்கான கருவி சினாப்ஸோடு வருகிறது, ஆனால் இதை முதன்முறை செய்பவர் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி 6: பெயர் தெரியாத கணக்குகள் தோன்றுகின்றன

யாரும் கணக்குத் தொடங்கும்படி பதிவு திறந்து கிடக்கிறது. உடனே மூடி, அழைப்புக் குறி வைத்திருப்பவர் மட்டுமே சேரும்படி மாற்றுங்கள். அந்நியக் கணக்குகளைச் செயலிழக்கச் செய்யுங்கள்.

கணக்குகள் தெரிந்தவர்களுடையவையே, ஆனால் ஒருவரின் பட்டியலில் அவர் அறியாத சாதனம் இருக்கிறது என்றால் அது வேறு வகையான ஆபத்து. அவர் சரிபார்த்த சாதனத்திலிருந்து அந்த அந்நியச் சாதனத்தை நீக்கிக் கடவுச்சொல்லை மாற்றட்டும். அவர் செய்தியாளராகவோ உரிமைப் பணியாளராகவோ இருந்து, குறிவைக்கப்படுவதாக ஐயம் இருந்தால், நாமே துப்புத் துலக்க முயலக் கூடாது. கைபேசியை அழித்து மறுபடி அமைக்கவும் கூடாது. குடிமைச் சமூகத்தினருக்குக் கட்டணமின்றி உதவும் ஆக்சஸ் நவ் அமைப்பின் எண்மப் பாதுகாப்பு உதவி மையத்தை வேறொரு சாதனத்திலிருந்து தொடர்புகொள்ளுங்கள். சர்வரைக் கேட்டு அரசு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் வழக்குரைஞரிடம் காட்டும் வரை எதையும் அழிக்காதீர்கள், எதையும் ஒப்படைக்காதீர்கள்.

அறிகுறி 7: யாருக்கும் எதுவும் வரவில்லை

உங்கள் சர்வரில் கை வைக்கும் முன், பழுது யாருடையது என்று பாருங்கள்.

பொதுச் சர்வரில் கணக்கு வைத்திருப்பவர்கள் மட்டும் மௌனமாகிவிட்டார்கள் என்றால் காத்திருப்பதே வேலை. 2025 செப்டம்பர் தொடக்கத்தில் மேட்ரிக்ஸின் பெரிய பொதுச் சர்வர் வட்டுப் பழுதால் நின்று, 55 டெராபைட் தரவுத்தளத்தைக் காப்பிலிருந்து மீட்க வேண்டி வந்தபோது, சொந்தச் சர்வரில் இருந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வேறு தளங்கள் திறக்கின்றன, செயலி மட்டும் கிடைக்கவில்லை என்றால் தடை ஆணையாக இருக்கலாம். ஜம்மு காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்தினார்கள் என்று கூறி 2023 மே மாதம் ஒன்றிய அரசு தடை செய்ததாக வெளியான 14 செயலிகளின் பட்டியலில் எலிமென்டும் இருந்தது, பிரையர் என்ற செய்திச் செயலியும் இருந்தது. பிராட்பேண்டில் ஒருமுறை, மொபைல் டேட்டாவில் ஒருமுறை முயன்று, இரண்டிலும் ஒரே விளைவா என்று குறித்துக்கொள்ளுங்கள். மேட்ரிக்ஸ் ஒரு நெறிமுறை. ஃப்ளஃபிசாட், நெகோ போன்ற வேறு செயலிகளும் அதைப் பேசும். தடையின் வரம்பு எது என்பதை வழக்குரைஞர் மூலம் தெரிந்துகொண்டு நடங்கள்.

எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் இணைய முடக்கம். முடக்க ஆணைகள் வெளியிடப்பட வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று காஷ்மீர் இணைய முடக்கத்தை எதிர்த்த அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது; ஆணையின் நகலைத் தேடிப் பெறுவது வழக்குரைஞரின் வேலை. நம் வீட்டுச் சர்வர் இந்த நிலையில் வீட்டு வைஃபைக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே உதவக்கூடும். ஆண்ட்ராய்டில் ஓடும் பிரையர் இணையம் இல்லாமலே புளூடூத்திலும் ஒரே வைஃபையிலும் அருகில் இருக்கும் கைபேசிகளுக்கிடையே செய்தியைக் கடத்தும். இருவரும் அதை முன்பே நிறுவி ஒருவரையொருவர் சேர்த்திருந்தால் மிக எளிது, இல்லாவிட்டால் நேரில் சந்தித்துத் திரையில் காட்டும் குறியை ஒளிப்படக் கருவியால் படித்துச் சேர்க்க வேண்டும். நாங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை இரண்டு கைபேசிகளை விமானப் பயன்முறையில் வைத்து, புளூடூத்தை மட்டும் இயக்கி, ஒரு கைபேசி கூடத்திலும் மற்றது வாசல் திண்ணையிலும் இருக்க, ஒரு வரி அனுப்பிப் பார்க்கிறோம். அது போய்ச் சேராத மாதங்களில், முடக்கம் வரும் வரை காத்திராமல் அன்றைக்கே காரணத்தைத் தேடுகிறோம்; இதுவரை இரண்டு முறை அது செயலிக்குப் புளூடூத் அனுமதி பறிபோயிருந்ததாக இருந்தது.